அபயதானமும் ஒரு நாயின் இல்லமும்

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியைக் கற்றோர் எவரும் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயை மறந்திருக்க மாட்டார். நீர்விளையாட்டு விழா நடைபெறும் வேளையில், அந்தணர்க்கென வைத்த சோற்றில் வாய் வைத்தது என்னும் குற்றத்திற்காக அந்நாய் அடியுண்டு குற்றுயிராய்க் கிடக்கிறது. அவ்வழி வந்த சீவகன் அதன்பால் இரக்கம் கொண்டு, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். நாய் தன் உடலை நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. பின்னாளில் கட்டியங்காரன் சீவகனைக் கொல்ல ஏவிய போது, அவனைக் காத்து எடுத்துச் செல்பவன் அந்தச் சுதஞ்சணனே.

மந்திரத்தின் மகிமையை விளக்குவதற்காகவே இக்கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறோம். அது தக்கதே. ஆயினும் அண்மைக்காலமாக இக்கதையை நினைக்கும்போதெல்லாம் வேறொரு வினா என் உள்ளத்தில் எழுகின்றது. அந்நாய் அன்று பிழைத்திருந்தால்? மருந்திட்டுக் காயம் ஆறி, அது எழுந்து நின்றிருந்தால், மறுநாள் எங்கே போயிருக்கும்? பசித்த வயிற்றோடு மீண்டும் அதே துறைக்குத்தான் போயிருக்கும். மீண்டும் அதே தடிகள் அதற்காகக் காத்திருந்திருக்கும். இறக்கின்ற உயிர்க்குச் செய்யத்தக்கதைக் காப்பியம் காட்டிவிட்டது. பிழைத்த உயிர்க்குச் செய்யத்தக்கது யாது என்பதை நாம்தாம் ஆராய வேண்டும். கொல்லாமை என்பது உயிரைப் போக்காதிருப்பதோடு நிறைவுறுமா, அல்லது அவ்வுயிர் அச்சமின்றி வாழ ஓர் இடம் காண்பதும் அதனுள் அடங்குமா?

காத்தலும் வாழ்வித்தலும்

கைவிடப்பட்ட நாய்களுக்கெனக் காப்பகம் அமைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. 1860இல் மேரி டீல்பி என்னும் பெண்மணி இலண்டன் நகரின் ஹாலோவே பகுதியில் ஒரு காப்பகம் தொடங்கினார். 1871இல் பாட்டர்சீ பகுதிக்கு மாறிய அந்நிலையம் இன்றளவும் நடைபெறுகின்றது. 1869இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் காரலின் எர்ல் வைட் என்னும் அம்மையாரின் தலைமையில் மகளிர் சிலர் இத்தகைய பணியை மேற்கொண்டனர். தெருவில் பிடிபட்ட நாய்களை அடித்தும் நீரில் அமிழ்த்தியும் கொன்று வந்த காலம் அது. அக்கொடுமையைக் கண்டு பொறாத உள்ளங்களே காப்பகங்களைத் தோற்றுவித்தன.

ஆனால் கருணையால் எழுந்த அவ்விடங்களே பின்னர் ஒரு பெருந்துன்பத்தின் களங்களாயின. வரும் நாய்கள் மிகுதி, கொண்டுபோவோர் குறைவு, கூண்டுகளுக்கோ ஓர் அளவுண்டு. இடமில்லை என்னும் ஒரே காரணத்தால் நோயற்ற நாய்களும் ஊசியிட்டுக் கொல்லப்பட்டன. 1970களில் அமெரிக்கக் காப்பகங்களில் இவ்வாறு மடிந்த நாய்களும் பூனைகளும் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் இருக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். இன்று அத்தொகை பத்து இலட்சத்திற்கும் கீழே இறங்கியுள்ளது. 1994இல் சான் பிரான்சிஸ்கோ நகரில், உடல்நலமுள்ள எந்த நாயையும் பூனையையும் கொல்லாமல் இல்லம் தேடித் தருவதாக அந்நகரின் ஜீவகாருண்ய சங்கம் நகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டது இம்மாற்றத்தில் ஒரு மைல்கல்லாகும்.

நம் மரபு வேறு வகையானது. பிஞ்சராப்போல் என்னும் விலங்குப் புகலிடங்களைச் சமணப் பெருமக்கள் பல நகரங்களில் நிறுவி, முதுமையடைந்தவற்றையும் முடமானவற்றையும் இறுதிவரை ஊட்டிக் காத்துள்ளனர். தில்லி செங்கோட்டைக்கு எதிரே உள்ள ஜினாலயத்தின் பறவை மருத்துவமனையை அறியாதார் யார்? இடமில்லை என்பதற்காக ஓர் உயிரைப் போக்கலாம் என்னும் எண்ணம் இங்கே எழவே இல்லை. அது நம் மரபின் சிறப்பு. எனினும் ஒன்றை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பசுவுக்கும் புறாவுக்கும் போதுமானது நாய்க்குப் போதுவதில்லை. நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனின் வாசலையே தன் உலகமாகக் கொண்ட பிராணி. வேளைக்கு உணவும் தலைக்கு மேல் கூரையும் இருந்தாலும், தனக்கென ஒரு மனிதர் இல்லாத நாய் கூண்டின் மூலையில் சுருண்டு நாளுக்கு நாள் தேய்வதைக் காப்பகம் சென்று கண்டோர் அறிவர். மேலைநாட்டார் இல்லம் தேடுவதில் வழி கண்டனர், கொல்லாமையில் தவறினர். நாம் கொல்லாமையில் நின்றோம். இல்லம் தேடுவதை எண்ணவில்லை. இவ்விரண்டும் இணைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நால்வகைத் தானமும் நாயின் வழியும்

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நான்கு வகைப்படும் என்பது நம் ஆன்றோர் கொள்கை. இவை முதன்மையாகத் துறவோர்க்கு உரியவை. ஆயினும் துன்புறும் எவ்வுயிர்க்கும் இரங்கிச் செய்வது கருணாதானம் எனப்படும். நாய்களை மீட்டு இல்லம் சேர்க்கும் பணியை இந்நான்கின் வழியே நோக்கினால் அதன் உண்மை புலப்படும்.

ஆகாரதானம் எளிது. தெருவோரம் தயிர்ச்சோறு வைக்கும் கைகள் நம்மிடையே குறைவில்லை. ஔஷததானமும் அரிதன்று. காயத்துக்கு மருந்து, குடற்புழு நீக்கம், வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவற்றைக் காப்பகங்கள் செய்து வருகின்றன. 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் அடிபட்ட பிராணிகளைச் சாலையிலிருந்து எடுத்துச் சென்று இப்பணியைப் புரிந்துள்ளன. பெரும்பாலோர் இவ்விரண்டோடு நின்றுவிடுகிறோம். மற்ற இரண்டில்தான் தத்தெடுப்பின் இரகசியம் அடங்கியிருக்கிறது.

சாஸ்திரதானம் என்றால் அறிவை வழங்குதல். நாய்க்கு என்ன சாஸ்திரம் என்று நகைக்க வேண்டா. ஒரு நாயைப் பற்றி அறிந்ததை அறிந்தவாறே வருவோர்க்குச் சொல்லுதலும், இல்லத்தில் வாழ்வதற்கு அந்நாயைப் பழக்குதலும் அறிவுக்கொடையே. இதன் இன்றியமையாமையை நான் என் பிழையால் கற்றேன். சொல்லக் கூசினும் சொல்லுகிறேன்.

பல ஆண்டுகட்கு முன்பு வந்தவாசி வட்டத்துச் சிற்றூரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தோம். அடுக்குமாடி வீட்டின் உரிமையாளர் நாய் கூடாது என்றார். எங்கள் வீட்டில் ஏழாண்டுகள் வளர்ந்த மணியை ஒரு காப்பகத்தில் விட்டேன். பதிவேட்டில் எழுதும் வேளையில், வளர்த்த நாயைக் கைவிடுகிறான் என்று எண்ணுவார்களே என்னும் நாணத்தால், தெருவில் கண்டெடுத்தது என்று சொல்லிவிட்டேன். பெயர் தெரியாது என்றும் சொன்னேன். அதன் கண்ணெதிரேயே அப்பொய்யைச் சொன்னேன்.

இரண்டு திங்கள் கழிந்து மனம் பொறாமல் சென்று பார்த்தேன். மணி இளைத்துக் கூண்டின் பின்புறத்தில் கிடந்தது. அருகிலிருந்த பணியாளர், "இது எவரிடமும் நெருங்குவதில்லை ஐயா, பார்க்க வருவோர் அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறார்கள்" என்றார். நான் "மணி" என்று அழைத்தேன். அது எழுந்து வந்து கம்பியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டது. பணியாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை.

அன்று அலுவலகத்தில் அமர்ந்து உண்மை முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். பெயர் மணி, வயது ஏழு, குழந்தைகளோடு பழகியது, கஞ்சியும் மோர்ச்சோறும் உண்ணும், பட்டாசு ஒலிக்கு நடுங்கும், இரவில் வாசற்படியில் படுத்தால்தான் உறங்கும். அவர்கள் என்னைக் கடியவில்லை. அந்தக் குறிப்பையும் ஒரு நல்ல புகைப்படத்தையும் வைத்துக்கொண்டு, முதலில் தொண்டர் ஒருவரின் வீட்டில் தங்கவைத்தார்கள். சில வாரங்களில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் அதை ஏற்றுக்கொண்டனர். நாயின் குணத்தில் எதுவும் மாறவில்லை; மாறியது அதனைப் பற்றிய உண்மை மட்டுமே. ஓர் உயிர்க்கு வர இருந்த இல்லத்தை இரண்டு திங்கள் தடுத்து வைத்தது என் ஒரு பொய். வாய்மை அஹிம்சையின் வேலி என்று ஆன்றோர் வகுத்ததன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

சிறந்த மீட்பு அமைப்புகள் செய்வதும் இதுவே. அழகிய சொற்களால் நாயைப் புனைந்துரைப்பதில்லை. கடிக்கும் இயல்பிருந்தால் கடிக்கும் என்பர். காது கேளாதெனில் கேளாது என்பர். மறைத்துக் கொடுத்த நாய் மறுவாரமே திரும்பி வரும். இரண்டாம் முறை கைவிடப்பட்டதாகவும் வரும். குறையை அறிந்து ஏற்றுக்கொண்டவரோ அக்குறையோடு வாழத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டவர். வீட்டார் அனைவரையும் வரவழைத்தல், வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவைக் கேட்டறிதல், கொடுத்த பின்பும் சில திங்கள் நலம் விசாரித்தல், இயலாதெனில் பழியின்றித் திரும்பப் பெற்றுக்கொள்ளுதல் ஆகிய எல்லாம் வாய்மையின் கிளைகளே.

இனி அபயதானம். மனமுள்ள ஐம்பொறி உயிர்களுள் நாயும் ஒன்று. மனமிருப்பதால் அது நினைக்கும், நினைப்பதால் அஞ்சும். குரைப்பொலி ஓயாத கூண்டு வரிசையில் உணவுண்டு, மருந்துண்டு, அபயம் இல்லை. ஆதலின் கூண்டுக்கும் நிரந்தர இல்லத்துக்கும் நடுவே தற்காலிக வளர்ப்பு இல்லம் என்னும் முறை வகுக்கப்பட்டது. ஒரு குடும்பம் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நாயைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும். அச்சம் தெளியும், அதன் உண்மை இயல்பு வெளிப்படும், காப்பகத்தில் ஒரு கூண்டும் காலியாகும்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. ஐம்பது கூண்டுகள் உள்ள ஒரு காப்பகத்தில் ஒவ்வொரு நாயும் பத்துத் திங்கள் தங்குமானால், ஆண்டுக்கு அறுபது நாய்களுக்கே இடமுண்டு. தங்கும் காலம் ஒரு திங்களாகக் குறையுமானால் அறுநூறு நாய்களுக்கு இடமுண்டு. கட்டடத்தைப் பெரிதாக்க வேண்டுவதில்லை. வாசலில் நிற்கும் அடுத்த நாயையும் சேர்த்தே ஒவ்வொரு தத்தெடுப்பும் காக்கின்றது. புதிய கூண்டு கட்ட நன்கொடை தருவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அதிசாரங்களின் ஒளியில்

அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமையேற்றுதல், அன்னமும் நீரும் தடுத்தல் என்பன அவை. இல்லறத்தாரின் விரதங்களை விளக்கும் அருங்கலச்செப்பைப் பயின்றோர் இவற்றை அறிவர். அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது கட்டுதல் என்பதை உற்று நோக்குக. கொல்லாமல், அடிக்காமல், ஊட்டியும் வளர்த்து, ஆனால் நாள் முழுதும் சங்கிலியில் பிணித்திருப்பவர் விரதத்தில் வழுவியவரே. வாழ்நாள் முழுதும் கூண்டில் வைத்தலும் அதன்பாற்பட்டதே. தத்தெடுத்தவர் நாயை மாடிப்படியின் கீழே கட்டிப்போட்டால், அது இல்லம் சேர்ந்ததாகாது. கூண்டு மாறியதாகவே ஆகும்.

உறுப்பறுத்தல் என்னும் அதிசாரம் மற்றொரு வினாவை எழுப்புகின்றது. காப்பகங்கள் நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்கின்றன. தெருவில் மீண்டும் விடப்படும் நாய்க்கு அடையாளமாகக் காது நுனியையும் சிறிது நறுக்குகின்றன. இது ஹிம்சை அன்றோ என்று நம்மவர் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானது, தட்டிக் கழிக்கத்தக்கதன்று. அறுவை உடலுக்கு நேரும் தீங்கே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஹிம்சையை அளக்கும் கோல் உடலின் காயம் மட்டுமன்று. செய்வோனின் உள்ளக் கருத்தும் அசட்டையுமே அதன் வேர். புண்ணைக் கீறும் மருத்துவனைக் கொலைஞன் என்பாரில்லை. பெண் நாய் ஏறத்தாழ அறுபத்து மூன்று நாள்களில் ஈனும். ஓர் ஈற்றில் பல குட்டிகள். அக்குட்டிகளுட் பல வாகனத்தின் அடியிலும் நோயிலும் பசியிலும் மடிவதைத் தெரிந்திருந்தும் வாளாவிருப்பதும் அசட்டையே. மயக்கமருந்தின் துணையோடு, தேர்ந்த மருத்துவரால், வலி தணிவித்துச் செய்யப்படும் அறுவையை நான் ஏற்கிறேன். மகிழ்ச்சியோடு அன்று, சிறிய துன்பத்தால் பெருந்துன்பத்தைத் தவிர்க்கும் கடமையாக. கவனமின்றிக் கும்பலாகச் செய்து, புண் ஆறுமுன் தெருவில் எறிவது அதிசாரமே. அவ்வேறுபாட்டைக் கண்காணிப்பது நம் பொறுப்பு.

மூன்று ஆட்சேபங்கள்

முதலாவது, வளர்ப்பு என்பது பரிக்கிரகம் அன்றோ என்பது. பொருளின் இருப்பினும் அதன்மீது கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்று நூல்கள் இலக்கணம் கூறுகின்றன. உயர்சாதி நாய் என்று பெரும்பொருள் கொடுத்து வாங்கி, வருவோர்க்குக் காட்டிப் பெருமை கொள்வது மயக்கமே. அவ்வாணிபத்தின் பின்னே, ஈன்று ஈன்று நலிந்த தாய் நாய் ஒன்று இருட்டறையில் கிடக்கக் கூடும். எவரும் விரும்பாத நாட்டு நாயை, முதிய நாயை, மூன்று கால் நாயை ஏற்பவரிடம் பெருமைப்பட என்ன உளது? அது உடைமை அன்று, கடமை. ஆதலின் வாங்குவதில்லை, ஏற்பதே உண்டு என்பதை ஒரு சிறு நியமமாகவே நாம் கொள்ளலாம்.

இரண்டாவது, ஊனுண்ணும் விலங்கை வளர்த்தலாகாது என்னும் விலக்கு. முதியோர் எழுப்பும் இத்தடை மதிக்கத்தக்கது. பிற உயிரைக் கொல்லவும் ஆதாயம் பெறவும் அத்தகைய விலங்குகளைப் பேணுதலையே அவ்விலக்கு முதன்மையாகக் கருதியது என்பது என் துணிபு. மேலும், பூனையைப் போல் ஊனின்றி வாழவியலாத பிராணி அன்று நாய். மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயைவிட நாய்க்கு மிகுதி என்பதை 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. நம் சிற்றூர் நாய்கள் கூழிலும் சோற்றிலும் வாழ்ந்தவையே. எனினும் வெறுஞ்சோறு மட்டும் போதாது. புரதமும் பிற சத்துகளும் குறைவின்றி அமைய, கால்நடை மருத்துவரின் அறிவுரையோடு மரக்கறி உணவை வகுத்தல் வேண்டும். அன்னம் தடுத்தலாகாது என்னும் விதி சத்துக் குறைந்த அன்னத்துக்கும் பொருந்தும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவ்வகையில் நியமம் தவறாத சமணச் சமையலறை முன்னமே அதற்கேற்றதாய் அமைந்துள்ளது. உலர்திராட்சையை மட்டும் எட்டாமல் வைக்க வேண்டும்.

மூன்றாவது, மனிதர் துன்புறுகையில் நாய்க்கு என்ன என்பது. வெறிநாய்க்கடியால் ஏழைச் சிறுவர் மாள்வது உண்மை. நாயன்பு பேசுவோர் அதனைச் சிறிதாக எண்ணுவது அறமன்று. ஆயின், தடுப்பூசியும் கருத்தடையும் பெற்று ஓர் இல்லத்தில் வாழும் நாயால் தெருவில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை. இங்கே மனிதர்க்கும் நாய்க்கும் நன்மை ஒன்றே. 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லிப் பகுதித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே திங்கள் 22 அன்று அதனைத் திருத்தி, வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறியது. தத்தெடுக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம், தத்தெடுத்ததை மீண்டும் தெருவில் விடலாகாது என்றும் சொல்லிற்று. நாடெங்கும் எழுந்த அவ்வாதத்தில் அடைப்பதா விடுவதா என்னும் இரண்டே வழிகள் பெரிதும் பேசப்பட்டன. ஏற்பது என்னும் மூன்றாம் வழியைச் சட்டம் கட்டாயப்படுத்த இயலாது. அது அறவோர் தாமே மேற்கொள்ள வேண்டியது.

நாம் செய்யத்தக்கன

எல்லோரும் நாய் வளர்க்க இயலாது, வளர்க்கவும் வேண்டா. முதியோர் தனித்து வாழும் வீட்டில், இளங்குட்டியை ஏற்பது கருணையாகத் தொடங்கி இன்னலாக முடியும். இயன்றதைச் சொல்லுகிறேன். இடமுள்ளோர் ஒரு நாயை ஏற்கலாம். நிரந்தரமாக ஏற்க இயலாதோர் ஒரு மாதம் தங்கவைக்கலாம். அதுவும் இயலாதோர் ஞாயிறுதோறும் காப்பகம் சென்று ஒரு நாயோடு நடந்து, அதன் இயல்பைக் கண்டு குறித்துத் தரலாம். பொருளுள்ளோர், வறுமையாலோ நோயாலோ தம் நாயைக் கைவிட எண்ணும் குடும்பத்துக்கு மருத்துவச் செலவை ஏற்கலாம்; கைவிடப்படாத நாய், இல்லம் கண்ட நாய்க்கு நிகரானது. பரியூஷண காலத்திலும் தசலக்ஷண நாள்களிலும் ஜீவதயைக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கு இதற்கு ஆகட்டும்.

மணி அத்தம்பதியரின் வீட்டில் நான்காண்டுகள் வாழ்ந்தது. ஒருமுறை சென்று கண்டேன். வாசற்படியில் படுத்திருந்தது. என்னை அறிந்து வாலசைத்தது. ஆயினும் எழுந்து வரவில்லை. தலையைத் திருப்பி உள்ளே இருந்த அம்மையாரைப் பார்த்தது. அந்நோக்கில் என் நெஞ்சம் ஒருகணம் நொந்தது, மறுகணம் நிறைந்தது. தன் வீடு எது என்பதை அது ஐயமின்றி அறிந்திருந்தது. அபயம் என்பது அதுவேயன்றோ?

சீவகன் ஓதிய மந்திரம் நம் எல்லோர் நாவிலும் உளது. அதனைக் கேட்கும் செவி ஒன்று நம் ஊர்க் காப்பகத்தின் கூண்டில் இன்றும் உயிரோடு காத்திருக்கிறது. அது இறக்கும் வேளை வரையில் நாம் காத்திருக்க வேண்டுவதில்லை.